கொக்கி ஊசியும் கணக்கில் வராத பொழுதும்

கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் கலையைக் குரோஷா என்கிறோம். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குச் சிறு கொக்கி என்பதே பொருள். வாயில்நிலையில் தொங்கும் உல்லன் தோரணம், தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் விரித்த உறை, கான்வென்டில் படித்த அத்தையின் கைக்குட்டை ஓரம் என நம் வீடுகளில் அது நுழைந்த வழிகள் பல. பாட்டி காலத்துக் கலை என்று அதைச் சொல்வது வழக்கம். அப்படிச் சொல்லும்போதே அது மிகப் பழமையான கலை என்ற எண்ணமும் உடன் வந்துவிடுகிறது. பாட்டி காலத்துக் கலை என்பது சரிதான். பாட்டியின் பாட்டிக்குப் பாட்டி காலத்தில் அது இருந்ததா என்பதுதான் ஐயம்.

நெசவின் தொன்மைக்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை. பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக் கண்ணியார், இழை சென்ற வழி கண்ணுக்குப் புலப்படாத, பாம்பின் உரியை ஒத்த ஆடை ஒன்றைப் பேசுகிறார். நற்றிணையின் 353ஆம் பாடலில், ஆண்துணையற்ற பெண்கள் தம் உழைப்பால் நூற்ற மெல்லிய நூல், மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாகிறது. நூற்பு, நெசவு இரண்டும் இலக்கியத்துக்குள் உவமையாகப் புகும் அளவுக்கு அன்றே பழகிப் போனவை. இரண்டு ஊசிகளைக் கொண்டு ஸ்வெட்டர் பின்னும் முறைக்கும் இடைக்கால எகிப்திலிருந்து கிடைத்த பருத்திக் காலுறைகள் சான்றாக நிற்கின்றன. குரோஷாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் பாலுதன் என்னும் ஆய்வாளர் இதன் வரலாற்றைத் துருவித் தேடினார். அரேபியாவில் பிறந்தது என்பார், தென் அமெரிக்கப் பழங்குடியினரிடம் தோன்றியது என்பார், சீனத்துப் பொம்மைகளில் தொடங்கியது என்பார் ஆகிய மூவகையினரின் கூற்றுகளையும் அவர் பரிசீலித்தார். 1800ஆம் ஆண்டுக்கு முன் ஐரோப்பாவில் குரோஷா இருந்தது என்பதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் கிட்டவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. ஆக, உலகெங்கும் பாட்டிமாரோடு சேர்த்துப் பேசப்படும் இக்கலை, இன்றைக்குச் சற்றேறக்குறைய இருநூறு ஆண்டு வயதுடைய இளங்கலையே ஆகும்.

இருப்பினும் எதுவும் வெறும் வெளியிலிருந்து குதித்துவிடுவதில்லை. பலரும் ஏற்கும் விளக்கம் நம் நாட்டைத் தொட்டுச் செல்கிறது. சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, கொக்கி வைத்த ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் உள்ள நூலை வளையமாக மேலே இழுத்து, அவ்வளையத்துக்குள் அடுத்த வளையத்தை நுழைத்துச் சங்கிலியாகக் கொண்டுபோகும் பூவேலையை இன்று தமிழ்நாட்டின் ஊர்தோறும் கல்யாண ரவிக்கைகளில் காண்கிறோம். ஆரி வேலை என்று நாம் அழைக்கும் அது, குஜராத்தில் தோல்வேலை செய்துவந்த மோச்சி சமூகத்தாரின் கையில் மலர்ந்த கலை. செருப்புத் தைத்த ஊசியே நுணுகிப் பட்டில் பூப்போடும் ஊசியாயிற்று. கிழக்கிலிருந்து சென்ற இம்முறை பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் பொழுதுபோக்காகியது. பிரெஞ்சு மன்னன் பதினைந்தாம் லூயியின் அன்புக்குரியவரான பொம்பதூர் சீமாட்டியை ஓவியர் துருவே 1763-64இல் தீட்டிய படத்தில், அவர் இத்தகைய சட்டத்தின் முன்தான் அமர்ந்திருக்கிறார். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் அப்படம் இருக்கிறது.

ஒருநாள் யாரோ ஒருத்தி துணியை நீக்கிவிட்டாள். யார் என்பதற்கு ஏட்டில் இடமில்லை. வளையத்துக்குள் வளையம் நுழையும்போது அடியில் துணி எதற்கு? துணியின்றியே சங்கிலி நிற்கும். சங்கிலியோடு சங்கிலியைப் பிணைத்தால் அதுவே துணியாகும். காற்றில் பின்னுவது என்றே பிரெஞ்சுக்காரர் இதனைக் குறித்தனர். பெயரளவில்கூட நல்ல கற்பனை.

இது மாளிகையின் வழி. குடிசையின் வழி வேறு. ஸ்காட்லாந்தின் மலைநாட்டைச் சேர்ந்த எலிசபெத் கிராண்ட் என்னும் பெண்மணியின் நினைவுக் குறிப்புகளில், கொக்கியால் கம்பளி நூலைப் பின்னிச் செய்த உடைகள் இடையர் பின்னல் என்ற பெயரில் குறிக்கப்படுகின்றன. குறிப்பு சுட்டும் ஆண்டு 1812. நூலாக வெளிவந்தது 1898இல்தான். அந்த இடையர் பின்னல் கெட்டியானது, குளிருக்கு அடக்கமானது, அழகைப் பற்றிக் கவலைப்படாதது. சீமாட்டியின் ஊசியும் இடையனின் கொக்கியும் எங்கே சந்தித்தன என்று சொல்ல இயலாது. சந்தித்த பின் பிறந்த குழந்தையின் முதல் அச்சுப் பதிவு மட்டும் நம்மிடம் உண்டு. 1823இல் நெதர்லாந்தின் 'பெனலோப்பே' என்னும் இதழ், பட்டு நூலால் குரோஷா முறையில் பின்னும் சுருக்குப்பைகளுக்கான செய்முறையை வண்ணப்படத்தோடு வெளியிட்டது. கணவன் வரும்வரை பகலில் நெய்து இரவில் பிரித்த கிரேக்கக் காவியத் தலைவியின் பெயர் அவ்விதழுக்கு. இழுத்தால் முழுதும் அவிழ்ந்துவிடும் ஒரு பின்னலைக் கற்பிக்க அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

அந்தச் செய்முறையில் எளிய திறந்த பின்னல் என ஒன்று வருகிறது. சங்கிலி வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வலைதான் அது. இன்று முதன்முதலாகச் சால்வை பின்னக் கற்பவளுக்குச் சொல்லித்தருவதும் இதே வலைதான். இருநூறு ஆண்டுகளில் அதன் இலக்கணம் மாறவில்லை.

அந்த இலக்கணத்தைச் சற்று விரிவாகவே பார்த்துவிடலாம். பின்னர் வரும் வரலாறு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. தமிழில் கண்ணி என்ற சொல்லுக்கு வளையம், சுருக்கு, வலையின் துளை, தலையில் சூடும் மாலை, இரண்டடிச் செய்யுள் எனப் பல பொருள்கள் உண்டு. ஒன்றோடொன்று தொடுத்துச் செல்வது என்பதே அவற்றுள் பலவற்றுக்கும் அடி. குரோஷாவின் ஒவ்வொரு முடிச்சையும் கண்ணி என்றே சொல்லலாம். வேறு சொல் ஆக்கவேண்டியதில்லை. நெசவில் பாவு ஊடை என இரண்டு இழைத்தொகுதிகள். இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊசியில் உயிரோடு காத்து நிற்கும். குரோஷாவில் உயிருள்ள கண்ணி எப்போதும் ஒன்றே. அது முடிந்த பிறகே அடுத்தது. அந்த அடுத்தது எங்கே நுழையவேண்டும் என்பதைக் கண்ணும் விரலும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடிக் கண்டுகொள்ள வேண்டும். எந்திரத்துக்கு இக்கலை பிடிகொடுக்காமல் போனதன் காரணம் இதுவே.

மிக எளிய, தோளில் கிடப்பதே தெரியாத ஒரு முக்கோணச் சால்வையை எடுத்துக்கொள்வோம். ஐந்து மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசியும் நூறு கிராம் மெல்லிய உல்லன் நூலும் போதும். கீழ்நுனியில் ஒரே வளைவோடு தொடங்கவேண்டும். ஐந்து சங்கிலிக் கண்ணி போட்டு, கீழ்வரிசை வளைவின் நடுவே ஒரு கண்ணியால் பிணைத்தால் ஒரு வளைவு முடிந்தது. வரிசையின் இறுதி வளைவில் மட்டும் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால், வரிசைக்கு ஒரு வளைவு வீதம் கூடிக்கொண்டே போகும். அறுபது வரிசையில் மேல்விளிம்பு ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வந்துவிடும். வேறு நுணுக்கம் ஏதுமில்லை. மடித்துப் போர்த்தும்போது அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்று குளிரைத் தடுக்கும். நூலைவிடத் துளையே அதிகமாதலால் எடை இராது.

இப்போது கணக்கைப் போடுவோம். முதல் வரிசையில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, அறுபதாவதில் அறுபது. மொத்தம் 1,830 வளைவுகள். வளைவுக்கு ஆறு கண்ணி வீதம் 10,980 கண்ணிகள். பழகிய கை நிமிடத்துக்கு இருபது போடும் என்று வைத்துக்கொண்டால், எழாமல், பேசாமல், நூல் சிக்காமல் பின்னினால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். மிக எளிய சால்வைக்கே இந்தக் கணக்கு. பூவும் இலையும் வைத்த பின்னலுக்கு இது பல மடங்காகும்.

எங்கள் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருத்தி இத்தகைய சால்வைகளைப் பின்னித் தோழியருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் விற்றுவந்தாள். விலையை எப்படி வைக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். நூல் விலையைப்போல இரண்டு மடங்கு என்றாள். எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டதற்கு அவளிடம் விடையில்லை. "அதையெல்லாம் யார் மேடம் பார்க்கிறார்கள்? சும்மா இருக்கிற நேரத்தில் பின்னுவதுதானே" என்றாள். குரோஷாவின் பொருளியல் வரலாறு முழுவதையும் அவள் ஒரே தொடரில் சொல்லிவிட்டாள் என்று எனக்குப் பட்டது. அந்தச் சும்மா இருக்கிற நேரம் என்பது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இனிப் பார்க்கவேண்டும்.

அயர்லாந்துக்குப் போவோம். 1845இல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரைப் பூசண நோய் தாக்கியது. ஏழைகளின் உணவு ஏறத்தாழ அது ஒன்றுதான். அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். இன்னும் பத்து இலட்சம் பேர் கப்பலேறினர். எண்பது இலட்சத்தைத் தாண்டிய மக்கள்தொகையில் இது எத்தகைய பேரிடி என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நம் 1876-78ஆம் ஆண்டுத் தாது வருடப் பஞ்சத்தின் கதைகளைப் பாட்டிமார் வாயிலாகக் கேட்டு வளர்ந்தோருக்கு அந்தத் துயரம் அந்நியமானதன்று.

அந்தப் பஞ்சத்தில்தான் குரோஷா முதன்முதலாகச் சோறு போட்டது. கார்க் நகரை அடுத்த பிளாக்ராக்கில் இருந்த உர்சுலின் கன்னியர் மடத்தில் பெண்களுக்கு இதைக் கற்பித்தனர். வடக்கே மோனகன் மாவட்டத்தின் குளோனஸ் என்னும் ஊரில், பங்குக் குருவின் மனைவியான கசாண்ட்ரா ஹேண்ட் 1847இல் இதையே நிவாரணப் பணியாகத் தொடங்கினார். பதினேழாம் நூற்றாண்டின் வெனிஸ் நகரத்து ஊசி லேஸ் செல்வர்களின் கழுத்தையும் மணிக்கட்டையும் அலங்கரித்த பொருள். அதைச் செய்துமுடிக்க மாதங்கள் ஆகும். அதன் தோற்றத்தைக் கொக்கி ஊசியால் மிகக் குறைந்த பொழுதில் கொண்டுவந்துவிடலாம் என்று காட்டியவர் ரியேகோ த லா பிராஞ்சர்தியேர் என்னும் நீண்ட பெயருடைய பெண்மணி. தந்தை வழியில் பிரெஞ்சு, தாய் வழியில் ஐரிஷ். 1840களின் நடுவிலிருந்து அடுக்கடுக்காகச் செய்முறை நூல்களை வெளியிட்டார். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் பதக்கம் பெற்றார்.

ஊசி ஒன்று, நூல் உருண்டை ஒன்று. தறி வேண்டாம், இடம் வேண்டாம், விளக்கு வெளிச்சம்கூட அதிகம் வேண்டாம். அடுப்பருகிலும் செய்யலாம், வயல்வரப்பிலும் செய்யலாம். வளைத்த கம்பியை மரத்துண்டில் செருகி ஊசியாக்கிக் கொண்டவர்களும் உண்டென்பர். ரோஜாவும் மூவிலைப் புல்லும் தனித்தனியே தடித்த நூலின்மேல் பின்னப்பட்டு, பின்னர் வலையால் இணைக்கப்பட்டன. குளோனஸ் பெண்கள் அந்த வலையின் இடையே ஒரு சிறு உருண்டை முடிச்சை வைத்தனர். இன்றும் உலகெங்கும் அது குளோனஸ் முடிச்சு என்றே அழைக்கப்படுகிறது. ஊரின் பெயர் நின்றது, பெண்களின் பெயர்கள் நிற்கவில்லை. வீட்டுக்கு வீடு தனித்தனிப் பூ வடிவங்கள் இருந்தன என்றும், அயலார் வந்தால் மடியில் இருந்ததை மறைத்துக்கொள்வர் என்றும் சொல்வார்கள். அந்த வருவாயில் வாடகை கட்டியவர்கள் உண்டு. அமெரிக்கக் கப்பலுக்குச் சீட்டு வாங்கியவர்களும் உண்டு.

கருணை என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கசாண்ட்ரா ஹேண்ட் போன்றோர் இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் செத்திருப்பார்கள். ஆயினும் கருணையாகத் தொடங்கிய தொழிலில் கூலி பேசுவது எளிதன்று என்பதையும் கவனிக்கவேண்டும். கொடுப்பவர் கொடுப்பது தானம். பெறுபவர் பெறுவது உதவி. இவ்விரண்டு சொற்களுக்கும் நடுவே சம்பளம் என்ற சொல்லுக்கு இடம் கிடைப்பதில்லை. குரோஷா பிறந்த நேரத்திலேயே அதன் தலையில் எழுதப்பட்டது இது. மாளிகையில் அது பொழுதுபோக்கு, குடிசையில் அது நிவாரணம். தொழில் என்று எவரும் எங்கும் அழைக்கவில்லை.

இரண்டும் ஒரே ஆண்டில் எதிரெதிரே நின்ற ஒரு காட்சி உண்டு. 1900ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடக்கிறது. எண்பது வயதைக் கடந்த விக்டோரியா மகாராணி தம் கையாலேயே எட்டுக் கழுத்துத் துண்டுகளைக் குரோஷா முறையில் பின்னி, முதலெழுத்துகளையும் பொறித்து, சிறந்த வீரர்களுக்கு வழங்குமாறு அனுப்பினார். நான்கு பிரிட்டிஷ் படையினருக்கு. நான்கு கனடா, ஆஸ்திரேலியா முதலிய குடியேற்ற நாட்டுப் படையினருக்கு. ஆஸ்திரேலிய வீரர் பெற்ற துண்டு கான்பெராவின் போர் நினைவகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதே ஆண்டு ஏப்ரலில் மகாராணி டப்ளினுக்கு வந்தபோது, ஐரிஷ் விடுதலைப் போராளியான மோட் கான் அவரைப் பஞ்சத்தின் ராணி என்று குறிப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அது வெளிவந்த இதழை அரசு பறிமுதல் செய்தது. ஒருத்தி பின்னிய துண்டுக்கு விலைமதிப்பே இல்லை. அவள் ஆட்சியில் பசித்தவர்கள் பின்னியதற்கு விலை உண்டு, ஆனால் மதிப்பு இல்லை. இரண்டும் ஒரே ஊசி, ஒரே கண்ணி.

இந்த ஊசி நம் பக்கம் வந்த கதைக்கு நூலின் கதையையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் வழியே காஷ்மீரச் சால்வைகள் ஐரோப்பாவை மயக்கின. வாங்க வசதியில்லாதோருக்காக அவற்றின் போலிகளைத் தறியில் நெய்து தள்ளிய ஊர்களுள் தலையாயது ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி. நம் புடவைகளில் உள்ள மாங்காய் வடிவத்தை மேலைநாட்டார் இன்றும் அவ்வூரின் பெயராலேயே அழைக்கின்றனர். மாங்காய்க்கு இப்படி ஒரு மறுபிறவி! 1806இல் நெப்போலியன் பிரிட்டனோடு வாணிகத்தைத் தடைசெய்தபோது பெய்ஸ்லியில் பட்டு நூலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பாட்ரிக் கிளார்க் என்பவர் பருத்தி நூலையே பட்டைப்போல் வழவழப்பாக முறுக்கும் வழியைக் கண்டார். தறியின் விழுதுகளுக்காகச் செய்தது தையல் நூலாயிற்று. 1826இல் ஜேம்ஸ் கோட்ஸ் அங்கே நூலாலை அமைத்தார். 1870களில் சால்வை மோகம் சரிந்தது; தறிகள் நின்றன; நூலாலைகள் மட்டும் உலகை வளைத்தன. கொக்கி ஊசிக்கு ஏற்ற உறுதியான, மலிவான பருத்தி நூலைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டு சேர்த்தவை இத்தகைய ஆலைகளே. எந்திரம் நூலைத் தந்தது. கண்ணி போடும் வேலை கையிடமே நின்றது.

மதுரை, தூத்துக்குடி, பாபநாசம் பகுதி மக்கள் ஹார்வி மில் என்று அழைத்த மதுரா மில்ஸ், 1974இல் அந்தக் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. நம் ஊர்க் கடைகளில் குரோஷாவுக்கென்று வாங்கும் நூலுருண்டையைத் தொடர்ந்து சென்றால் பெய்ஸ்லி வரை போகலாம்.

ஊசியைக் கொண்டுவந்தவர்கள் மிஷனரிகள். இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாகவேண்டும். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820களின் தொடக்கத்தில் தம் பெண்பள்ளியில் கற்பித்தது குரோஷா அன்று. திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கழிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ். இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவோர் உளர். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே அடிமைக் குடும்பங்களில் பிறந்த சிறுமியர் சிலர், லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கினர் என்ற செய்தி மிஷன் வரலாறுகளில் வருகிறது. கைவேலையின் பொழுதுக்கு இவ்வளவு துல்லியமான விலை வேறெங்கும் வைக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

குரோஷா வேரூன்றியது ஆந்திரத்தின் கோதாவரிப் படுகையில், நரசாப்பூர் வட்டாரத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்பித்தது முதலில் கிறித்துவரான ஏழைப் பெண்களுக்கு. நாளடைவில் வேளாண் சாதிப் பெண்களிடம் அது பரவியது. வெளியே வேலைக்குப் போவது குடும்ப மானத்துக்கு இழுக்கு என்று கருதிய வீடுகளில், வெளியே போகாமல் செய்யும் வேலை வரவேற்கப்பட்டதில் வியப்பில்லை. 1970களில் ஏற்றுமதி பெருகியபோது ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் (1931-2023) அங்கே தங்கி ஆராய்ந்து, நரசாப்பூர் லேஸ் பெண்களைப் பற்றி 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். பெண்ணுழைப்பைப் பற்றி எழுதப்பட்ட நூல்களுள் நான் மிக உயர்வாக மதிப்பது அது.

அவர் கண்டது இது. ஒருத்தி பூக்களை மட்டும் பின்னுவாள். இன்னொருத்தி அவற்றை இணைப்பாள். முழு விரிப்பையும் ஒருத்தியே பார்ப்பது அரிது. நூலைக் கொடுப்பவரும் பின்னியதை வாங்கிச் செல்பவரும் இடைத்தரகர். அவருக்கு மேல் ஏற்றுமதியாளர். வாணிகம் வளர வளர அந்த இடங்களில் ஆண்களே நிறைந்தனர். வீட்டுவேலை போக நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னிய பெண்ணின் சராசரி நாள் வருவாய் ஒரு ரூபாயைக்கூட எட்டவில்லை. அதே ஊரில் வயல்வேலைக்குச் சென்ற தலித் பெண்களின் கூலி இதைவிட அதிகம். ஆயினும் லேஸ் பின்னியவர்கள் தம்மை அவர்களினும் மேலானவர்களாகவே எண்ணினர். காரணம், தாம் வேலைக்குப் போகவில்லை, வீட்டில் இருக்கிறோம் என்பது. ஏற்றுமதியாளரைக் கேட்டால் அது ஓய்வுநேரக் கைவேலை என்பார். அரசின் கணக்கெடுப்பைப் பார்த்தால் இல்லத்தரசி என்றிருக்கும். அந்நியச் செலாவணி ஈட்டிய ஓர் ஏற்றுமதித் தொழில், தொழிலாளரே இல்லாமல் நடந்ததுபோல் ஏடுகளில் காட்சி தந்தது. எங்கள் விடுதி மாணவியின் சும்மா இருக்கிற நேரமும் நரசாப்பூரின் ஓய்வு நேரமும் ஒன்றே.

மரியா மீஸின் முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை. வீட்டிலிருந்தபடி செய்யும் வேலையால் பெண்ணுக்குக் கிடைத்த சிறு பணம், அவள் கையில் இருந்த ஒரே பணம் என்ற உண்மைக்கு அவர் போதிய இடம் தரவில்லை என்று தோன்றுகிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு எவரிடமும் கையேந்தாமல் எடுத்துக் கொடுத்த பத்து ரூபாய்க்குப் பொருளியலார் அட்டவணையில் இல்லாத ஒரு பெறுமதி உண்டு. ஆனால், ஏற்றுமதியாளரும் இதையே சொல்லிக் கூலியைக் குறைத்தார் என்பதால் இந்த வாதத்தை எச்சரிக்கையோடு வைக்கவேண்டியிருக்கிறது. 2024இல் நரசாப்பூர்க் குரோஷா லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது வட்டாரத்தின் பெயரைப் போலிகளிடமிருந்து காக்கும். பூ ஒன்றுக்கு எவ்வளவு கூலி என்பது குறியீட்டின் எல்லைக்குள் வருவதில்லை.

எந்திரம் இதற்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கலாம். இரட்டை ஊசிப் பின்னலுக்கு வில்லியம் லீ 1589இலேயே எந்திரம் செய்துவிட்டார். குரோஷாவிடம் அது தோற்றது. 1880களில் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் ஒரு தந்திரம் கண்டனர். துணியின்மேல் எந்திரத்தால் நெருக்கமாகப் பூத்தையல் போட்டு, பிறகு மருந்தில் இட்டு அடித்துணியை மட்டும் கரைத்துவிட்டால், பார்வைக்கு அசல் ஐரிஷ் குரோஷா. முன்பு ஒருத்தி துணியை நீக்கியதால் பிறந்த கலைக்கு, துணியைக் கரைத்துப் போலி செய்தார்கள். முதல் உலகப் போரும் மாறிய உடைமோகமும் சேர்ந்துகொள்ள, அயர்லாந்தின் லேஸ் தொழில் ஒடுங்கியது. குரோஷா எந்திரம் என்ற பெயரில் ஆலைகளில் இன்று ஓடுபவையும் உண்மையில் பாவுப்பின்னல் எந்திரங்களே. உண்மையான கண்ணியைப் போடக்கூடிய முன்மாதிரி எந்திரங்கள் ஜெர்மனியின் ஆய்வுக்கூடங்களில் அண்மைக் காலத்தில் உருவாகியிருக்கின்றன. அவை அங்காடிக்கு வந்துசேரவில்லை.

ஆகவே துணிக்கடையில் குரோஷா என்ற சீட்டோடு மேலாடையோ சால்வையோ தொங்கினால் புறத்தைத் திருப்பிப் பார்க்கலாம். நெடுக்குவாட்டில் நேர்நேராக ஓடும் மெல்லிய சங்கிலிகளும் அவற்றை இணைத்து வளைந்தோடும் இழைகளும் தெரிந்தால் பாவுப்பின்னல். பூக்களின் விளிம்பில் பிசிறும் தையல் நூலின் நெருக்கமும் தெரிந்தால் கரைத்தெடுத்த லேஸ். கண்ணிக்குள் கண்ணியாக ஒற்றை நூல் ஏறி இறங்கிச் சென்றால் அது கை. அதன் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, வளைவுகளை எண்ணி ஆறால் பெருக்கி இருபதால் வகுக்கவேண்டும். வருவது நிமிடம்.